வளரிளம் நாயின் மேலேறும் பழக்கம்

ஏறத்தாழ 6 மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள நாய், மனிதர் கால், தலையணை, பிற நாய்கள் மீது ஏறி இடுப்பை ஆட்டுவது. பெட்டை நாய்களும் இதைச் செய்யும். காம உணர்வு ஒரு காரணம் மட்டுமே. மிகைக் கிளர்ச்சி, சலிப்பு, ஏமாற்றம், தூக்கக் குறைவு ஆகியவையும் இதைத் தூண்டும். திடீரெனத் தொடங்கினாலோ, நாய் அடிக்கடி நக்கிக்கொண்டாலோ சிறுநீர்த் தொற்றோ தோல் அரிப்போ இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகளில் நாய் நெடுநேரம் தனித்திருக்க நேர்கிறது. வீட்டார் திரும்பியதும் அதன் அடக்கிவைத்த ஆற்றல் பீறிடுகிறது. தெருவில் பருவத்துக்கு வந்த பெட்டையின் வாசனை, கட்டியிருக்கும் கடுவனை மேலும் தவிக்கவைக்கும். அடிப்பது கொடுமை, பயனும் இல்லை. கத்துவதும் சிரிப்பதும்கூட நாய்க்குக் கவனிப்பாகவே படும். பேசாமல் விலகி, "உட்கார்" போன்ற பழகிய கட்டளை கொடுத்து, கீழ்ப்படிந்ததும் தீனி தரலாம். வெயில் ஏறுமுன் நிதானமாக மோப்பம் பிடித்தபடி நடக்கவிடுவதும், கடிக்கப் பொருள் கொடுப்பதும், பகல் தூக்கத்துக்கு அமைதியான மூலை ஒதுக்குவதும் நீடித்த பலன் தரும்.

கருத்தடை பெரும்பாலும் இப்பழக்கத்தைக் குறைக்கும். கிளர்ச்சியால் வருவதை முழுதாக நிறுத்தாது. தெருநாய்களுக்கான கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சிகளின் பொறுப்பாக்குகின்றன. வளர்ப்பு நாய்க்கு அப்பொறுப்பு உரிமையாளருடையது.