டிரெய்லரின் பின்னால் ஒரு கம்பி

1914-ல் டெட்ராய்ட் நகரத்துக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃபைத் தேடி ஒரு மரவியாபாரி வந்தார். கோடை வீட்டுக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும்; இழுக்க ஃபோர்டு கார் இருக்கிறது, படகை ஏற்றத்தான் வண்டியில்லை. கொல்லர் செய்து கொடுத்தது நன்றாக ஓடவே, பலகை ஏற்றவும் அப்படியொன்று கேட்டார் வியாபாரி. அதற்கு ஃப்ரூஹாஃப் வைத்த பெயர் 'செமி டிரெய்லர்'.

முழு டிரெய்லருக்கு முன்னும் பின்னும் சக்கரம் உண்டு. தன் பாரத்தைத் தானே சுமக்கும். செமி டிரெய்லருக்குப் பின்சக்கரம் மட்டும்தான். முன்பாரம் இழுக்கும் வண்டியின் முதுகில் ஏறும். நம் 1988 மோட்டார் வாகனச் சட்டமும் இந்த இடத்தில்தான் இரண்டையும் பிரிக்கிறது. கிடங்கு வாசலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டால், சரக்கு ஏறுவதற்குள் எஞ்சின் வண்டி இன்னொரு நடை போய்வரலாம். வியாபாரிகள் இதை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் அதன் அடித்தளம் தரையிலிருந்து வெகு உயரம். பின்னால் மோதும் கார் அதனடியில் புகுந்துவிடும். பம்பர், எஞ்சின் எதுவும் அடியைத் தாங்காது, கண்ணாடியும் கூரையும்தான் முதலில் நொறுங்கும். அதைத் தடுக்க 1953-ல் அமெரிக்கா பின்கம்பியைக் கட்டாயமாக்கியது. கம்பி தரையிலிருந்து 30 அங்குலம் வரை உயரமாக இருக்கலாம் என்றது விதி. இரண்டரை அடி! எவ்வளவு அடியைத் தாங்க வேண்டும் என்ற சோதனையும் கிடையாது.

1967 ஜூன் 29. பிலாக்ஸியிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு நள்ளிரவு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது நடிகை ஜெயின் மேன்ஸ்ஃபீல்டின் கார். முன்னே கொசு மருந்துப் புகை. அதில் வேகம் குறைத்த டிரெய்லரின் அடியில் கார் புகுந்தது. முன்னிருக்கையில் இருந்த மூவரும் இறந்தார்கள். பின்னிருக்கையில் இருந்த அவருடைய மூன்று குழந்தைகள் காயங்களோடு பிழைத்தார்கள்.

அந்தக் கம்பியை இன்றும் அங்கே 'மேன்ஸ்ஃபீல்டு பார்' என்கிறார்கள். பெயர் நிலைத்த வேகத்தில் சட்டம் நகரவில்லை. உயர வரம்பை 22 அங்குலமாகக் குறைத்து, வலிமைச் சோதனையையும் வைத்த விதி நடைமுறைக்கு வந்தது 1998-ல். 31 ஆண்டுகள் கழித்து. அதுவும் புதிதாகச் செய்யும் டிரெய்லர்களுக்கு மட்டும். உலகறிந்த ஒருவர் இறந்தும் இத்தனை தாமதம் என்பது மன்னிக்க முடியாதது.

நம் நாட்டிலும் சரக்கு வண்டிகளுக்குப் பின்தடுப்பு சட்டப்படி கட்டாயம். வளைந்த தடுப்போடும் கழன்ற தடுப்போடும் வண்டியைச் சாலைக்கு அனுப்பாதீர்கள், உரிமையாளர்களே.