குவேக்கர் வணிக மரபு

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய நண்பர்கள் சங்கம் என்னும் கிறிஸ்தவ சபையினர், பொதுவழக்கில் குவேக்கர் எனப்படுவோர், கடவுளிடம் வைக்கும் விசுவாசம் தொழுகை நாளோடு முடிந்துவிடலாகாது, அது கடையிலும் பட்டறையிலும் கணக்குப் புத்தகத்திலும் புலப்பட வேண்டும் என்று கொண்டு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கைக்கொண்ட வியாபார ஒழுக்கமே குவேக்கர் வணிக மரபு எனப்படுகிறது. தொகையில் மிகச் சிறியவரான இவர்கள் இரும்பு, வங்கி, இரயில்வே, காலணி, சாக்லேட் முதலிய தொழில்களில் அடைந்த இடம் மிகப் பெரியது. ஆயினும் இம்மரபின் மேன்மையை அவர்கள் ஈட்டிய செல்வத்தைக்கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. எந்தெந்த இடங்களில் இலாபத்தைக் கைவிடத் துணிந்தார்கள் என்பதே அதற்கு உரைகல்.

சங்கத்தின் ஸ்தாபகரான ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) நெசவாளி ஒருவரின் மகன். இளமையில் செருப்புத் தைப்பவரிடம் தொழில் பயின்றவர். 1658-இல் இலண்டன் வணிகர்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், ஏற்றிச் சொல்லிப் பின் இறக்கும் பேரத்தைப் பொய் என்றே அவர் கண்டித்து, முதலில் சொல்லும் விலையே முடிவான விலையாதல் வேண்டும் என்றார். ஆணையிட வேண்டாம் என்று மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கற்பித்ததை அப்படியே ஏற்றமையால், இவர்கள் நீதிமன்றத்திலும் பிரமாணம் செய்ய மறுத்தனர்; 1662-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. பிரமாணம் செய்யாதவருக்குப் பல்கலைக்கழகப் பட்டமும் வழக்கறிஞர் தொழிலும் அரசாங்க உத்தியோகமும் கிட்டவில்லை. போர்த்தொழிலை அவர்களே விலக்கினர். ஜீவனோபாயத்துக்கு எஞ்சியவை வியாபாரமும் கைத்தொழிலுமே. அதிலும், தொப்பியைக் கழற்றி மரியாதை செய்யாத, பேரத்துக்கு இணங்காத இக்கடைக்காரர்களை மக்கள் முதலில் வெறுத்தொதுக்க, உணவுக்கே சிலர் இடர்ப்பட்டனர் என்றும், பிறகு சிறு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்று அறிந்து, குவேக்கர் கடையைத் தேடிவந்தனர் என்றும் ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலத்தையே நாம் ஊன்றி நோக்கவேண்டும். நாணயம் பிற்காலத்தில் இலாபம் தரும் என்று கண்டு அவர்கள் அதனை மேற்கொண்டாரல்லர். நட்டம் வந்து வாசலில் நின்ற பின்னும், கடவுள் கைவிடார் என்ற திடத்தினால் அதனை விடாது பற்றினர்.

இவ்வொழுக்கம் தனிமனிதரின் மனச்சாட்சியால் மட்டும் நிலைத்தது என்று கொள்ளுதல் தவறு. ஒவ்வொரு வட்டாரத்திலும் மாதந்தோறும் கூடிய சபைக்கூட்டம், உறுப்பினர் தம் சக்திக்கு மிஞ்சிய வியாபாரத்தில் இறங்குகின்றனரா, வாக்குத் தவறாமல் கடனைத் தீர்க்கின்றனரா என்று விசாரித்தது. ஐயம் எழுந்தவிடத்து மூத்தோர் சிலர் சென்று கணக்குகளைப் பார்வையிட்டனர். பிறர் பணத்தை இழந்து திவாலானவர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். சட்டம் அவரை விடுவித்த பின்னும், கைக்குப் பணம் வந்தபோது கடன் முழுவதையும் அடைப்பது அவர் கடமையாகவே கருதப்பட்டது. செல்வாக்கு இதற்கு விலக்கு அளிக்கவில்லை. சிறைச்சாலைச் சீர்திருத்தத்தால் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்ற எலிசபெத் ஃபிரை அம்மையாரின் கணவர் ஜோசப் ஃபிரை, 1828-இல் தம் வங்கி முறிந்தபோது, நீக்கப்பட்டார். இவ்வளவு கண்டிப்பான கண்காணிப்பில் இருப்பவரிடம் பணத்தை ஒப்படைக்க ஊரார் அஞ்சாதது இயல்பே. இலண்டன் லொம்பார்டு தெருவில் 1690-இல் ஜான் ஃபிரீமும் தாமஸ் கூல்டும் தொடங்கிய தொழில் பார்க்ளேஸ் வங்கியாகவும், பர்மிங்ஹாமில் 1765-இல் சாம்ப்சன் லாயிடு ஒரு கூட்டாளியுடன் தொடங்கியது லாயிட்ஸ் வங்கியாகவும் வளர்ந்தன. 1709-இல் கோல்புரூக்டேலில் கல்கரியைக்கொண்டு இரும்பு உருக்கிய ஆபிரகாம் டார்பியும், 1825-இல் திறந்த ஸ்டாக்டன்–டார்லிங்டன் இரயில் பாதைக்கு முதல் திரட்டிய எட்வர்டு பீசும் இச்சங்கத்தினரே.

எந்தத் தொழில் செய்யலாம், எது ஆகாது என்ற வினா இதனினும் கடினமானது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்தைச் சேர்ந்த ஜான் வுல்மன் (1720–1772), வேலை கொடுத்தவர் பணித்தபடி ஓர் அடிமைப் பெண்ணின் விற்பனைப் பத்திரத்தை எழுதிக்கொடுத்து, அதனால் நெஞ்சு நொந்து, பின்னர் அடிமைகளை உடைமையாகக் குறிக்கும் உயில்களை எழுத மறுத்தார்; தம் கடை பெருகிப் பெருகி மனத்தை முழுவதும் விழுங்கக் கண்டபோது, வாடிக்கையாளரை வேறு கடைகளுக்கு அனுப்பிவிட்டுத் தையல் தொழிலோடு அமைந்தார். வளர்கின்ற கடையை வளர்கின்றது என்பதற்காகவே கைவிடுதல் வணிக உலகில் அரிதினும் அரிது. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த சாமுவேல் கால்ட்டனை 1796-இல் சங்கம் விலக்கிற்று. அத்தொழில் தமக்குப் பரம்பரையாக வந்ததென்றும், போருக்காக விதிக்கும் வரியைச் செலுத்துவோர் அனைவருக்கும் அதில் பங்குண்டு என்றும் அவர் கூறிய சமாதானம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் சபை இணங்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுவுக்கு மாற்றாகக் கோக்கோ பானத்தைப் பரப்பியதன்வழி ஃபிரை, காட்பரி, ரௌண்ட்ரீ குடும்பங்கள் முன்னணிக்கு வந்தன. 1824-இல் ஜான் காட்பரி பர்மிங்ஹாமில் திறந்த கடையை 1861-இல் ஏற்ற புதல்வர் ரிச்சர்டும் ஜார்ஜும், மாவுப்பொருள் கலந்து விற்கும் வழக்கத்தை விட்டுக் கலப்படமற்ற கோக்கோவை 1866-இல் வெளியிட்டனர். 1879-இல் தொழிற்சாலையை நகரப் புகையினின்று வெளியே போர்ன்வில்லுக்கு மாற்றினர். அங்கே தோட்டத்தோடு கூடிய வீடுகளை எழுப்பிய ஜார்ஜ், 1900-இல் அவ்வூரையே ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்.

இம்மரபுக்கு நேர்ந்த கொடிய சோதனையும் கோக்கோவினாலேயே வந்தது. அந்நாளில் போர்த்துக்கேயருக்கு உரியதாயிருந்த ஸாவோ டோமே தீவில், அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் அடிமைகளாகவே உழைக்கின்றனர் என்று 1901-இல் காட்பரி கம்பெனியைச் சேர்ந்த வில்லியம் காட்பரி அறிந்தார். நேரில் விசாரிக்க 1905-இல் ஜோசப் பர்ட் என்பவர் அனுப்பப்பட்டார். 1908-இல் வில்லியமே சென்றார். 1909-இல்தான் ஃபிரை, காட்பரி, ரௌண்ட்ரீ ஆகிய மூன்று கம்பெனிகளும் அத்தீவின் கோக்கோவை வாங்காது நிறுத்தின. இவர்களைப் பாசாங்குக்காரர் என்று சாடிய ஸ்டாண்டர்டு பத்திரிகையின்மேல் தொடுத்த அவதூறு வழக்கில் ஜூரிகள் காட்பரிக்கே சார்பாகத் தீர்ப்பளித்தனர்; ஆனால் அளித்த நஷ்டஈடு கால் பென்னி. சரக்கை வாங்கிக்கொண்டே சீர்திருத்தம் கோரினால் பயன் விளையும் என்று இக்கம்பெனியார் எண்ணியது வஞ்சகம் அன்று என்றே தோன்றுகிறது. எனினும் அவ்வெட்டு ஆண்டுகளில் தீவில் மடிந்தோரை நினைக்கும்போது, அத்தாமதத்தை மன்னிப்பதற்கு மனம் இசைவதில்லை.

யார்க் நகரில் ஜோசப் ரௌண்ட்ரீ 1904-இல் மூன்று அறக்கட்டளைகளை நிறுவி, துன்பத்தின் மேற்புறத்தை ஆற்றுவதோடு நில்லாது, அதன் வேரை ஆராயும்படி பணித்தார். 1906-இல் தொழிலாளருக்கு ஓய்வூதியமும் ஏற்படுத்தினார். அவர் மகன் சீபோம், யார்க் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் வறுமையில் உழல்வதை 1901-இல் வெளியிட்ட தம் நூலால் காட்டினார். 1918-இல் பர்மிங்ஹாமின் உட்புரூக்கில் குவேக்கர் முதலாளிகள் மாநாடு கூடி, பங்குதாரரின் இலாபத்துக்கு முன் தொழிலாளியின் வாழ்க்கைக்கேற்ற ஊதியம் பெறவேண்டிய இடத்தை விவாதித்தது.

இதற்குள் இத்தொழில்கள் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனிகளாக மாறியிருந்தன. ரௌண்ட்ரீ 1897-இலும் காட்பரி 1899-இலும் அவ்வாறாயின. முதலாளியின் கணக்கைச் சபை பார்வையிடும் முறை, முகமறியாப் பங்குதாரர் ஆயிரவரிடம் செல்லுபடியாவது எங்ஙனம்? 1969-இல் காட்பரி ஷ்வெப்ஸுடன் இணைந்தது. 1988-இல் ரௌண்ட்ரீயை நெஸ்லேயும் 2010-இல் காட்பரியைக் கிராஃப்டும் வாங்கின. போர்ன்வில் அறக்கட்டளையும் ரௌண்ட்ரீயின் அறக்கட்டளைகளும் இக்கைமாற்றங்களுக்கு உட்படாது, குடியிருப்பு, வறுமை ஆராய்ச்சி ஆகிய பணிகளை இன்றும் நடத்திவருகின்றன.