மேற்கே வாள், கிழக்கே வணக்கம்

1236-ல் ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரின் இளவரசராக வந்தபோது அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பதின்வயதைத் தாண்டவில்லை. மென்மயிர்த் தோல் வணிகத்தில் கொழித்த அந்த நகரில் உண்மையான அதிகாரம் 'வெச்சே' என்ற நகர மன்றத்திடம் இருந்தது. படை நடத்த இளவரசரை அழைப்பதும், பிடிக்காவிட்டால் விரட்டுவதும் அதன் வழக்கம்.

1240 ஜூலை 15 அன்று, நெவா ஆற்றங்கரையில் இறங்கியிருந்த ஸ்வீடன் படையை அவர் திடீரெனத் தாக்கி முறியடித்தார். 'நெவ்ஸ்கி' என்ற அடைமொழி இந்த ஆற்றால் பின்னாளில் வந்தது. வென்ற சில மாதங்களிலேயே நகரத்தாரோடு பிணக்கு, வெளியேறினார். ஜெர்மானிய வீரர்கள் பிஸ்கோவ் நகரைப் பிடித்து நெருங்கியதும் அதே நகரத்தார் அவரைத் திரும்ப அழைத்தார்கள்.

1242 ஏப்ரல் 5, உறைந்திருந்த பெய்ப்பஸ் ஏரி. ஜெர்மானியரின் கவசக் குதிரைப்படை ஆப்பு வடிவில் பாய்ந்தது. நோவ்கோரோத் படை அதைச் சுற்றி வளைத்து நொறுக்கியது. ஜெர்மானியர் 400 பேர் மாண்டதாக நோவ்கோரோத் குறிப்பேடு சொல்கிறது. ஜெர்மானியர் தரப்புச் செய்யுள் வரலாறோ 20 வீரர்கள் என்கிறது. பனிக்கட்டி உடைந்து பலர் மூழ்கிய புகழ்பெற்ற காட்சி இரண்டிலுமே இல்லை. அதை மக்கள் மனத்தில் பதித்தது 1938-ல் ஐசன்ஸ்டைன் எடுத்த திரைப்படம்.

கிழக்கிலிருந்து படையெடுத்து வந்த மங்கோலியரிடமோ அலெக்சாந்தர் வாளை உருவவில்லை. அவர்களுடைய தலைநகர் காரகோரம் வரை சென்று பணிந்து திரும்பினார். 1252-ல் தம்பி அந்திரெய் மங்கோலியரை எதிர்த்துத் தோற்று ஓட, விளாதிமிரின் பெரும் இளவரசர் பதவி அலெக்சாந்தருக்குக் கிடைத்தது. 1257-ல் வரி விதிக்கத் தலைக்கணக்கு எடுக்க மங்கோலிய அதிகாரிகள் வந்தபோது நோவ்கோரோத் மறுத்தது. அவருடைய மகன் வசீலியும் மக்கள் பக்கம் நின்றான். அலெக்சாந்தர் மகனைப் பதவியிலிருந்து இறக்கினார். அவனைத் தூண்டியவர்களில் சிலருக்கு மூக்கை அறுத்தார், சிலருக்குக் கண்ணைப் பிடுங்கினார். துறவிகள் எழுதிய புகழ்க் கதையில் இதற்கு இடமில்லை. ஆனாலும், எதிர்த்த நகரங்கள் சாம்பலானதைக் கண்டவருக்கு வேறு வழி இருந்ததா என்பது எளிதில் தீராத வழக்கு.

1262-ல் வரி வசூலித்தவர்களுக்கு எதிராகப் பல நகரங்கள் கிளர்ந்தன. பழிவாங்கலைத் தடுக்க மீண்டும் மங்கோலிய ஆட்சியாளரான கானிடம் போனவர், திரும்பும் வழியில் நோயுற்று, துறவு பூண்டு, 1263 நவம்பர் 14 அன்று கோரோதெத்ஸில் இறந்தார்.

1547-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஸ்வீடனை வென்ற பேரரசர் பீட்டர், 1724-ல் அவருடைய எச்சங்களை நெவா கரையில் தாம் எழுப்பிய தலைநகருக்குக் கொண்டுவந்தார்; அதோடு, துறவி உடையில் இனி அவரை வரையக்கூடாது என்ற உத்தரவும் பிறந்தது. ஐசன்ஸ்டைன் படம் 1939-ல் சோவியத் அரசு ஹிட்லருடன் ஒப்பந்தம் செய்ததும் திரையரங்குகளிலிருந்து மறைந்து, 1941-ல் ஜெர்மனியோடு போர் மூண்டதும் திரும்பியது. மறு ஆண்டே சோவியத் அரசு அலெக்சாந்தர் பெயரில் ராணுவ விருது ஒன்றை ஏற்படுத்தியது. அவர் வாழ்ந்த காலத்து உருவப்படம் எதுவும் இல்லாததால், பதக்கத்தில் பொறிக்கப்பட்டது படத்தில் அவராக நடித்த செர்காசோவின் முகம்.