வயலில் எழாத வினா

மணமான பெண்கள் வீட்டிற்கு வெளியே சென்று பணி புரியலாமா என்பது பள்ளி, கல்லூரிச் சொற்போர்களில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வரும் பொருள். மாணவ நேயர்களே, இவ்வினாவிற்கு விடை தேடுவதற்கு முன், இது யாரை நோக்கி எழுப்பப்பட்டது, யாரை நோக்கி எழுப்பப்படவில்லை என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

செஞ்சிக் கோட்டையைக் கடந்து மேல்மலையனூர் செல்பவர்கள் வழியெங்கும் வயல்களைக் காணலாம். ஏரிப் பாசனத்தில் நெல்லும், மானாவாரி நிலத்தில் நிலக்கடலையும் விளையும் பகுதி அது. நிலக்கடலையை அங்குள்ள மக்கள் மல்லாட்டை என்பர். நாற்று நடுவதும், களை எடுப்பதும், மல்லாட்டை ஆய்வதும் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வேலைகள். அவர்களுள் பெரும்பாலோர் மணமானவர்கள். அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயிலுக்குத் திரளும் மக்களிடம் பூவும் எலுமிச்சம்பழமும் விற்போருள்ளும் இத்தகைய பெண்கள் உண்டு. கைக்குழந்தையை வரப்பு மரத்துத் தூளியில் இட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிய தாயிடம், "மணமானவள் வெளியே வரலாமா?" என்று கேட்பார் இல்லை. அவள் வாராவிடில் நடவு நடவாது என்பதை ஊர் அறியும்.

அங்ஙனமாயின் இவ்வினா எங்கே பிறந்தது? நிலையான ஊதியமும் அதிகாரமும் உடைய நாற்காலியை நோக்கிப் பெண் நடந்தபோது பிறந்தது. இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய செய்தியன்று. இங்கிலாந்தில் பெண் ஆசிரியர்கள் மணந்தால் வேலையை இழக்கும் வழக்கம் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் ஒழிந்தது. அந்நாட்டின் உள்நாட்டு அரசுப் பணியில் இத்தடை 1946 வரை இருந்தது. அயர்லாந்தின் அரசுப் பணியில் அது 1973இல்தான் நீங்கிற்று.

நம் அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணியில் பால் வேற்றுமை கூடாது என்று அதன் 16ஆவது பிரிவு கூறுகிறது. ஆயினும், ஏட்டில் எழுதிய உரிமை அலுவலகத்தின் வாயிலை உடனே திறந்துவிடவில்லை. 1951ஆம் ஆண்டில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா ராஜம் அவர்களின் நியமன ஆணையில், மணம் புரிந்தால் பணி முடிவுறும் என்னும் நிபந்தனை இருந்தது. அவர் சென்னை மாகாணத்திற்கு வந்தபோது முதலமைச்சராக இருந்தவர் இராஜாஜி. ஒரு பெண்ணிடம் களப்பொறுப்பை ஒப்படைக்க அவர் முதலில் தயங்கினார். அன்னா ராஜம் வாதாடித் தம் உரிமையைப் பெற்று, ஓசூரில் சார் ஆட்சியரானார். பிற்காலத்தில் நவசேவாத் துறைமுகம் உருவாகும் பொறுப்பை ஏற்றவரும் அவரே. 1989இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

சென்னையில் கல்வி பயின்ற குடகு நாட்டுப் பெண்மணி சி. பி. முத்தம்மா, 1949இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். மணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக அவரிடம் உறுதிமொழி பெறப்பட்டது. திருமணத்திற்கு அரசின் அனுமதி பெற வேண்டும் என்றும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என அரசு கருதினால் விலகச் சொல்லலாம் என்றும் 1961ஆம் ஆண்டு விதிகள் பெண்களுக்கு மட்டும் கட்டளையிட்டன. முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு ஆணுக்கும் உண்டன்றோ என்னும் பொருள்பட வினவி, இவ்விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார்.

அதற்கு முன்பே, 1965இல், பம்பாய் மருந்து நிறுவனம் ஒன்றின் வழக்கில் மற்றொரு முரண்பாடு வெளிப்பட்டது. மணமான பெண்கள் அடிக்கடி விடுப்பு எடுப்பர் என்று அந்நிறுவனம் வாதிட்டது. ஆனால், குழந்தைகளை உடைய கைம்பெண்ணுக்கு அங்கே தடையில்லை. குழந்தை வளர்ப்பே தடைக்குக் காரணம் எனின், இவ்வேற்றுமை ஏன்? உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை.

"தாய் வெளியே சென்றால் குடும்பம் சிதையாதா?" என்று கேட்போர் உளர். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வு இதற்கு ஒரு விடை. தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும் என்று சொல்லியே அவர் 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சட்டமன்றத்தில் பணியாற்றியதும், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியதும் மணவாழ்விற்குப் பின்னரே. கணவர் துணை நின்றார், குடும்பமும் சிதையவில்லை.

எனினும், அத்தகைய துணை எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதில்லை. அந்தக் கேள்வியில் மெய்யான ஒரு கவலை இருக்கிறது என்பதை நாம் மறுத்தல் ஆகாது. பகலெல்லாம் நடவு நட்ட பெண், மாலையில் வீடு திரும்பி அடுப்பை மூட்டுகிறாள். அலுவலகம் சென்றவளுக்கும் அதே அடுப்பு காத்திருக்கிறது. இருவருக்கும் இரட்டைச் சுமை. 1961ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பயன் சட்டம் தொழிற்சாலை போன்ற நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை அளித்தது. 2017இல் அவ்விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. நாள் கூலிக்கு நடவு நடும் பெண்ணை அச்சட்டம் எட்டவில்லை. ஏழைத் தாய்மார்க்கு மகப்பேற்றுக் காலத்தில் நிதி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 1987இல் தொடங்கியது. அத்திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கி நிற்பது மிகப் பொருத்தம்.

ஆகவே, மாணவ நேயர்களே, மணமான பெண் வெளியே செல்லலாமா என்று இனியும் வாதிடுவது, நம் வயல்களைப் பாராது பேசுவதாகும். அவள் என்றோ சென்றுவிட்டாள். அவள் திரும்பி வரும்போது வீட்டு வேலையில் பாதியை யார் செய்து முடித்திருப்பார் என்பதே நம்முன் உள்ள வினா. அதற்கு விடை கூற வேண்டியவர்களுள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களும் அடங்குவர். அவ்விடையைச் சொற்போர் மேடையில் அன்று, தத்தம் வீட்டு அடுக்களையில் அவர்கள் தருவார்களாக.