விளிம்பில் நிற்கும் பெயர்கள்

பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளாகத் தீபாவளியைச் சமணர் போற்றுவர். கி.மு. 527 முதல் எண்ணப்படும் வீரநிர்வாண ஆண்டும் அந்நிகழ்வையே தொடக்கமாகக் கொண்டது. அந்நாளின் விருந்தும் இரவுண்ணாமைக்கு உட்பட்டதே. ஆதலின் கதிரவன் மறையுமுன் குடும்பத்தார் ஒருங்கமர்ந்து உண்பர்.

அவ்விருந்துக்கெனப் பரணிலிருந்து இறங்குபவை முன்னோர் புழங்கிய வெண்கலப் பானையும் பித்தளைத் தவலையும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும். அதனைத் தடுக்க உட்புறம் ஈயம் பூசுவர். பூச்சு தேயுந்தோறும் மீண்டும் பூச வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எவர்சில்வர் பரவியபோது, இவ்வுழைப்பைத் தவிர்க்க எண்ணிய இல்லங்கள் பழம்பாத்திரங்களை எடைக்குப் போட்டன.

தராசில் ஏறாத ஒன்றும் அவற்றோடு போயிற்று. சீராக வந்த பாத்திரங்களின் விளிம்பில் மணமகளின் பெயரைப் பொறிப்பது வழக்கம். நிலப் பத்திரங்களில் பெரும்பாலும் ஆடவர் பெயர்களே காணப்படும். பாட்டியின் பெயர் எழுத்தில் நிற்கும் ஒரே இடம், பல இல்லங்களில் அந்த விளிம்புதான்.

எஞ்சியவற்றைத் துலக்கும் இத்திருநாளில், அப்பெயர்களை வாய்விட்டுப் படித்து, உரியவர் யாரெனப் பெரியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் இளையோர் கடன். பாத்திரம் பின்னொரு நாள் கைமாறினும் குடிவரலாறு இல்லத்திலேயே தங்கும்.