வானவில் சட்டையும் பால் மரமும்



உலகச் சாலை சைக்கிள் பந்தயத்தில் வென்றவர் ஓராண்டு காலம் ஒரு வெள்ளைச் சட்டை அணிவார். நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என ஐந்து பட்டைகள் கொண்ட அதை வானவில் சட்டை என்பார்கள். தொழில்முறை வீரர்களுக்கான முதல் பந்தயம் 1927இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்தது. இத்தாலியரான அல்ஃபிரேடோ பிண்டா ஏழு நிமிடங்களுக்கு மேல் முந்தி வந்தார். அடுத்த மூவரும் இத்தாலியரே!

பேராக்கில் இருந்துகொண்டு இதை ஏன் சொல்கிறோம்? எல்லாம் அந்தச் சக்கரத்தினால்தான்.

1869இல் பாரிசிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தபோது காற்றடித்த டயரே கிடையாது. வென்ற ஜேம்ஸ் மூருக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. உடம்பு என்ன பாடு பட்டிருக்கும்! 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரைச் செய்தார். மறு ஆண்டே அதைப் பூட்டி ஓட்டிய வில்லி ஹியூம் பந்தயங்களில் வென்றார். பிறகு உலகம் ரப்பருக்கு அலைந்தது.

அதற்கு முன்பே, 1877இல், சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதை ஹியூ லோ கோலகங்சாரில் நட்டிருந்தார். இதை எங்கள் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஆனால் 1927இல் பந்தயம் ஓடிய நாளிலும், இருட்டோடு பெரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்களின் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. மலாயாவின் ரப்பர் அப்போது உலகச் சந்தையில் பெரும்பங்கு வகித்தது. அந்த டயர்களில் நம் பாட்டன்மாரின் உழைப்பு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

பால் சேர்த்த நாட்டில் ஓட்டுநர்களும் தோன்றினார்கள். 1978இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் சாலைப் பந்தயத் தங்கத்தை மலேசியாவின் இங் ஜூ ஙான் வென்றார். நம்மவரான முருகையன் குமரேசன் 1988இல் சியோல் ஒலிம்பிக்கிலும், 1992இல் பார்சலோனாவிலும் ஓட்டினார். 1996இல் லங்காவிப் பந்தயம் தொடங்கியபின் வெளிநாட்டு வீரர்கள் நம் சாலைகளுக்கே வந்தார்கள். முதல் வெற்றி ஆஸ்திரேலியரான டேமியன் மெக்டொனால்டுக்கு.

ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் பந்தய வீரர்கள் சிலர் இன்றும் பால் ரப்பரில் செய்த உள்குழாயையே விரும்புகிறார்கள். உருட்டுவதற்கு அது இலகு. ஆனால் காற்று விரைவில் இறங்கிவிடும். தினமும் காலையில் எழுந்து பம்பு அடிக்க வேண்டும்.