ஃபியூஸ் யாருக்குக் காவல்?

"ஃபியூஸ் போயிடுச்சு" என்று இப்போது யாரும் அதிகம் சொல்வதில்லை. நம் காலத்தில் அது வாரம் ஒருமுறை கேட்கும் வசனம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பீங்கான் கேரியரைப் பிடுங்கிக் கம்பி மாற்றத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார். ஆனால் அந்தக் கம்பி எதைக் காப்பாற்றுகிறது என்று அவரைக் கேட்டால், விளக்கை, ஃபேனை, ஃப்ரிட்ஜை என்பார். உண்மையில் அது முதலில் காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. இதை மறந்ததால் எரிந்த வீடுகள் உண்டு.

வயரில் கரண்ட் ஓடினால் சூடு பிறக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 1840களின் தொடக்கத்திலேயே ஜூல் இதைக் கண்டுபிடித்துவிட்டார். மின்விளக்கை வீடுகளுக்குக் கொண்டுவர முயன்ற எடிசன், வழியில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து, ஆபத்து வந்தால் அது முதலில் உருகிப் போகட்டும் என்று 1880-ல் காப்புரிமை பெற்றார். 1882-ல் லண்டனில் தந்திப் பொறியாளர்கள் சங்கம், மின்விளக்கால் வரும் தீ விபத்தைத் தடுக்க முதல் விதிகளை வெளியிட்டது. இன்று பிரிட்டனில் நடப்பில் உள்ள வயரிங் விதிகளுக்கு அதுதான் மூலம். அந்த விதிகள் பிறந்தது சாதனங்களைக் காக்க அல்ல, தீயைத் தடுக்க என்பதைக் கவனியுங்கள்.

எந்தப் பருமனுள்ள கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும்? பிரிட்டிஷ் தபால் துறையில் பொறியாளராக இருந்த பிரீஸ் 1880களில் சோதனை செய்து ஒரு கணக்குச் சொன்னார். 0.85 மி.மீ. செம்புக் கம்பிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 60 ஆம்பியருக்குச் சற்று மேலே வரும். ஆனால் பிரிட்டிஷ் தரப்படி அந்தக் கம்பியின் பெயர் '30 ஆம்பியர்' ஃபியூஸ். அதாவது 30 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. உருகுவதற்கு ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் எலெக்ட்ரிக் ஷவர். நம் கீசர் போலத் தண்ணீரைத் தேக்கிவைக்காமல், ஓடும் தண்ணீரையே சூடாக்கும் பெட்டி அது. அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அதை 40 டிகிரிக்கு ஏற்ற 7.2 கிலோவாட் செலவழித்தாலும் நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் வரும். அதைக் குளியல் என்று நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம், அவர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே 8.5, 9.5, 10.5 கிலோவாட் என்று ஷவர்கள் பெருத்துக்கொண்டே போயின.

7.2 கிலோவாட் ஷவர் 240 வோல்ட்டில் இழுப்பது 30 ஆம்பியர். 6 சதுர மி.மீ. வயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும் அதற்குப் பொருத்தம். 10.5 கிலோவாட் இழுப்பதோ ஏறக்குறைய 44 ஆம்பியர். பழைய ஷவரைக் கழற்றிப் புதியதை மாட்ட அரை நாள் போதும். சுவரைக் கொத்தி வயரை மாற்றுவதற்குத்தான் யாருக்கும் மனம் வராது. பழைய கம்பி ஃபியூஸோ 44 ஆம்பியருக்கு உருகாது, 60 வரை காத்திருக்கும்.

அதே 6 சதுர மி.மீ. வயர் சுவர்மேல் காற்றாடப் போனால் 47 ஆம்பியர் தாங்கும். குளிரைத் தடுக்கப் பஞ்சு திணித்த சுவருக்குள் போனால் சுமார் 32 தான். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனில் வீடுகளுக்குள் இப்படிப் பஞ்சு திணிப்பது பெருகியது. 32 தாங்கும் வயரில் 44 ஓடினால் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒருவர் குளித்துவிட்டு நிறுத்தினால் வயர் ஆறிவிடும். காலையில் நாலு பேர் வரிசையாகக் குளித்தால் ஆறுவதற்கு நேரமே இல்லை. பி.வி.சி. உறை கெட்டிப்பட்டு வெடிப்பது ஒரே நாளில் நடக்காது, பல வருஷம் எடுக்கும்.

இதனால்தான் பிரிட்டிஷ் விதிகளில் 0.725 என்ற எண் வருகிறது. கம்பி ஃபியூஸ் போட்டால், வயரின் தாங்குதிறனில் 0.725 பங்கைத்தான் கணக்கில் எடுக்கலாம். 45 ஆம்பியர் கம்பி ஃபியூஸுக்கு 62 ஆம்பியர் தாங்கும் வயர் வேண்டும். அதாவது 10 சதுர மி.மீ. வயர், அதுவும் காற்றாடப் போனால்தான். ஃபியூஸ் சோம்பேறியாக இருந்தால் வயர் பலசாலியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் பீங்கான் ஃபியூஸ், 15 ஆம்பியர் உருண்டை முனை பிளக், 3/20, 7/20 என்ற வயர்க் கணக்கு எல்லாம் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற வழக்கங்கள்தான். நான் வேலையில் இருந்தபோது ஒரு வீட்டில் கருகல் வாசனை என்று கூப்பிட்டார்கள். கேரியரைப் பிடுங்கிப் பார்த்தால், ஃபியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் பழைய வயரிலிருந்து உருவிய செம்பு இழைகள், ஒரு கத்தையாக முறுக்கிக் கிடந்தன. "இதுக்கப்புறம் ஃபியூஸ் போகவே இல்ல சார்" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. ஃபியூஸ் போகவில்லை, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் வயர் போய்க்கொண்டிருந்தது. தொட்டதும் உறை அப்பளம்போல் நொறுங்கியது.

இப்போது கேரியர் போய் எம்.சி.பி. வந்துவிட்டது. மனசு மட்டும் மாறவில்லை. கீசர் போட்டதும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், 32 மாட்டிவிடுங்கள் என்கிறோம். 3 கிலோவாட் கீசர் இழுப்பது 13 ஆம்பியர்தான், 16 விழவேண்டிய அவசியமே இல்லை. விழுகிறது என்றால் வேறு எங்கோ கோளாறு. அதைத் தேடவேண்டும். பழைய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம். அதே பருமனுள்ள செம்பு தாங்கும் அளவுக்கு அது தாங்காது.

ஆகவே பிள்ளைகள் பெரிய கீசர் வாங்கி வந்தால் எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்கவேண்டியது, "எத்தனை ஆம்பியர் எம்.சி.பி. போடப்போறே?" என்பதல்ல. "சுவருக்குள்ள என்ன வயர் இருக்கு?" என்று கேளுங்கள். அவர் பார்த்துச் சொன்ன பிறகு அந்த வயருக்கு ஏற்ற எம்.சி.பி.யைப் போடட்டும்.